கேள்வி–பதில்: வரைபடம் போடும் முன்னே கரைக்காரர்களைக் கேளுங்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் கடற்கரை மேம்பாடு பற்றிக் கேட்டவை மட்டும் ஒரு கட்டு இருந்தன. மதுரையிலிருந்து கடலுக்குச் சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கு மேல், ஆனாலும் ராமநாதபுரம் சீமையில் ஒரு சொந்தமாவது இல்லாத குடும்பம் இங்கே குறைவு. அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: மண்டபம் பக்கத்தில் ஒரு மீனவ ஊர்தான் எங்கள் பூர்வீகம். நான் வேலைக்காக மதுரையில் இருக்கிறேன். ஊரில் கடற்கரை மேம்பாடு என்று நடைபாதை, கடைகள், பார்க்கிங், பூங்கா எல்லாம் வரப்போகிறதாம். போன மாதம் ஒரு வேலைநாளில், காலை பதினோரு மணிக்கு, ராமநாதபுரத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். போய்விட்டு வந்த எங்கள் சித்தப்பா, "எல்லாத்தையும் வரைஞ்சு முடிச்சிட்டாங்கப்பா, திரையில போட்டுக் காட்டுனாங்க, கையெழுத்து வாங்கிட்டு டீ குடுத்து அனுப்பிட்டாங்க" என்கிறார். இனிமேல் பேசி என்ன பிரயோஜனம்?
— வாசகர், திருநகர், மதுரை

பதில்: பிரயோஜனம் இருக்கிறது. முதலில் அந்தக் கூட்டம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று எழுத்தில் கேளுங்கள். கருத்துக் கேட்பு என்ற ஒரே பெயரில் பல வகைக் கூட்டங்கள் நடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பலம் வேறு. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடக்கிற கூட்டம் என்றால் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும், திட்டம் வரும் இடத்திலோ அதற்கு வெகு அருகிலோ கூட்டம் நடக்க வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், முடிவில் யார் என்ன பேசினார்கள் என்பதைக் கூடியிருப்பவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் அதில் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடந்ததாகத்தான் பதிவாகும், அதனால் ஊரே கோபித்துக்கொண்டு போகாமல் இருப்பது எதிராளிக்குத்தான் வசதி.

ஆனால் நடைபாதை, கடை, பூங்கா போன்ற வேலைகளுக்கு இந்த 2006 அறிவிக்கை பெரும்பாலும் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது சி.ஆர்.இசட். என்று எல்லோரும் சொல்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. 1991-ல் முதலில் வந்தது, 2011-ல் திருத்தி எழுதப்பட்டது, இப்போது இருப்பது 2019-ல் வந்தது. அதன்படி மாவட்ட அளவில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு இருக்க வேண்டும், அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார், உங்கள் ஊர்த் திட்டம் அவர்கள் முன்னால் வந்ததா, வந்தபோது என்ன சொன்னார்கள்? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதே மனுவில் விரிவான திட்ட அறிக்கையின் நகல், சர்வே எண் போட்ட வரைபடம், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. சித்தப்பா கையெழுத்துப் போட்ட தாளின் மேலே என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து நாளைக்கு "மக்கள் சம்மதம்" என்று ஒரு அறிக்கையின் பின்னிணைப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாய்ப்பு உண்டு. போனவர்கள் எல்லாரும் சேர்ந்து, நாங்கள் கூட்டத்துக்கு வந்ததற்கு மட்டும்தான் கையெழுத்துப் போட்டோம், திட்டத்துக்கு ஒப்புதல் தரவில்லை, எங்கள் ஆட்சேபனைகள் இவை என்று ஒரு கடிதம் எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். இதை இந்த வாரமே செய்யுங்கள். டெண்டர் விடும் வரை வரைபடத்தை மாற்றுவது சுலபம், விட்ட பிறகு ஒவ்வொரு கோட்டை நகர்த்தவும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கடற்கரை எல்லாருக்கும் பொதுதானே? நாங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ராமேஸ்வரம் பக்கம் குடும்பத்தோடு போகிறோம், பொம்பளைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒதுங்க ஒரு சுத்தமான கழிப்பறை கிடையாது, நிழலுக்கு ஒரு கூரை கிடையாது. நல்லது செய்ய வந்தால் அதையும் எதிர்ப்பது என்ன நியாயம்?
— வாசகி, கே.புதூர், மதுரை

பதில்: நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். கழிப்பறை, குடிதண்ணீர், நிழல் மூன்றும் அந்தக் கரையில் வேலை செய்கிற பெண்களுக்கும் இல்லை. அவர்கள் வருஷம் பூராவும் அங்கேதான் இருக்கிறார்கள். நான் பேசிய எந்த மீனவ ஊரிலும் கழிப்பறை வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை, அதை எங்கே கட்டுவது என்பதில்தான் தகராறு.

தேவிபட்டினத்துக்கு வடக்கே பாக் விரிகுடாக் கரையில் ஒரு ஊரில் பார்த்ததைச் சொல்கிறேன். நண்டு வலை கரைக்கு வந்ததும் வேலை முடிவதில்லை, அங்கேதான் பாதி வேலை ஆரம்பிக்கிறது. ஓலைக் கொட்டகை நிழலில் வீட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, வலையில் பின்னிக்கிடக்கிற நண்டை ஒவ்வொன்றாகக் கால் ஒடியாமல் கழற்ற வேண்டும், ஒடிந்தால் விலை போச்சு. ஒரு வலைக்கு மணிக்கணக்கில் ஆகும். கீழே மணல் இருப்பதால்தான் அங்கே உட்கார முடிகிறது, அதே இடத்தில் டைல்ஸ் போட்டால் பகல் வெயிலில் கால் வைக்க முடியாது. பக்கத்திலேயே நெத்திலி காய்கிறது, அதற்கும் மணலும் காற்றும் வேண்டும். நடைபாதைக்கு நாலடி உயரத்தில் ஒரு சுவர் எழுப்பிவிட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் புயல் எச்சரிக்கை வந்த ராத்திரியில் வள்ளத்தை எந்த வழியாக மேலே இழுப்பார்கள்? இதெல்லாம் கேட்டால் அந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளை சொல்லும். கேட்கத்தான் ஆள் போவதில்லை.

அதனால் உங்கள் வசதிக்கும் அவர்கள் பிழைப்புக்கும் சண்டை என்று நினைக்காதீர்கள். வாகன நிறுத்தத்தையும் கழிப்பறையையும் ஊர் முகப்பில் வைத்து அங்கிருந்து கரைக்கு நடந்து போகிற மாதிரி செய்தால் இரண்டு தரப்புக்கும் சரியாக இருக்கும். மீனவக் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே ஒரு அறையைப் பயணிகளுக்கு விடவும் சி.ஆர்.இசட். விதி இடம் தருகிறது. வெளியூர் முதலாளி கட்டுகிற ரிசார்ட்டைவிட அந்த வருமானம் ஊரிலேயே தங்கும். நீங்களும் உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள், சுற்றுலா வருகிறவர்கள் பெயரைச் சொல்லித்தான் இத்தனையும் நடக்கிறது, அவர்களிடமும் யாரும் கேட்பதில்லை.

கேள்வி: கூட்டத்தில் எழுந்து பேச எனக்குப் பயமாக இருக்கிறது, மைக்கைப் பார்த்தாலே வாய் வராது. எழுதிக் கொடுத்தால் போதுமா?
— வாசகி, பாம்பன்

பதில்: போதும் தாயி. எழுத்தில் வருகிற ஆட்சேபனையும் கருத்துக் கேட்பில் ஒரு பகுதிதான். தேதி, கையெழுத்து, எந்த இடம் என்ற விவரம் போட்டு இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றில் முத்திரை வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: நகரமைப்பு படித்துவிட்டு மதுரையில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கடற்கரை மறுமேம்பாட்டுத் திட்டம் ஒன்றில் மக்கள் கலந்தாய்வு என் பொறுப்பாக வந்திருக்கிறது. அலுவலகத்தில் ஒரு கேள்வித்தாளும் இரண்டு வாரக் கெடுவும் கொடுத்திருக்கிறார்கள். இதை உருப்படியாகச் செய்ய வழி உண்டா?
— வாசகர், அண்ணா நகர், மதுரை

பதில்: தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே எனக்குச் சந்தோஷம். முதல் வேலையாக அந்த இரண்டு வாரக் கெடுவை மாற்றச் சொல்லி மேலதிகாரியிடம் கேளுங்கள். கடற்கரையை ஒரு பருவத்தில் மட்டும் பார்த்துவிட்டு வரைந்தால் தப்பாகத்தான் வரும். பாம்பன் தீவில் வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் பாக் விரிகுடா, அதாவது அவர்களுடைய வடகடல், கொந்தளிக்கும். அப்போது சின்ன வள்ளக்காரர்கள் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் போய்விடுவார்கள். ஆடியில் தென்மேற்குக் காற்று ஏறினால் இது தலைகீழாகும். நீங்கள் மார்கழியில் வடகரைக்குப் போனால் மணல் வெறுமையாகக் கிடக்கும், வரைபடத்தில் "காலி இடம்" என்று எழுதிவிடுவீர்கள், அந்த இடம் ஆறு மாதம் கழித்து வள்ளம் நிற்க இடமில்லாமல் நெரிகிற துறை. வாடி, அதாவது மீன் காயப்போடுகிற தற்காலிகக் கொட்டகை, போடுகிற இடமும் இப்படித்தான், கருவாட்டுப் பருவம் முடிந்தால் ஓலையையும் கம்பையும் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள், அடையாளமே இருக்காது.

தேதி குறிப்பதிலும் கவனம் வேண்டும். ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று நெடுநாள் ஏற்பாடு. ஆக நீங்கள் எந்த நாளில் கூட்டம் வைத்தாலும் ஒரு தரப்பு கடலில் இருக்கும், ஒரே கூட்டத்தில் ஊரையே கேட்டுவிடலாம் என்ற நினைப்பை விடுங்கள். கடல்பாசி எடுக்கிற பெண்களுக்கு வேறு நாட்காட்டி, அது நிலவையும் ஓதத்தையும் பார்த்து நடக்கிறது. மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று அவர்களே தங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுக்கொண்டு கடலைக் காப்பாற்றி வருகிறார்கள். இவ்வளவு கட்டுக்கோப்பாக ஒரு பொது வளத்தை நடத்துகிறவர்களிடம் "உங்கள் ஊரில் பூங்கா வேண்டுமா, வேண்டாமா" என்று டிக் அடிக்கிற தாளை நீட்டுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், அவர்களைப் பார்க்க அது நல்ல சமயம். ஆனால் கையில் காசு இல்லாத காலமும் அதுதான், ஒரு நாள் கூலியாவது கொடுத்து உட்கார வையுங்கள்.

கேள்வித்தாளுக்குப் பதிலாக வருவாய்த் துறையின் புலப்படத்தை, அதாவது நில எல்லையும் சர்வே எண்ணும் போட்ட படத்தை, பெரிய தாளில் எடுத்துக்கொண்டு போய், அவர்களோடு கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பாருங்கள். சி.ஆர்.இசட். வரைபடங்களில் 1:25,000 அளவில் போட்டது ஊருக்குப் பயன்படாது, அதில் ஒரு வாடி புள்ளிகூட ஆகாது. சர்வே எண் தெரிகிற 1:4,000 அளவு வேண்டும். நடக்கும்போது வலை பின்னுகிற இடம், கரைவலை இழுக்கிற இடம், ஏலம் போடுகிற இடம், வள்ளம் ஏற்றுகிற பாதை, கோயிலிலிருந்து கடலுக்குப் போகிற வழி, மையவாடி எல்லாவற்றையும் அவர்கள் சொல்லும் பெயரிலேயே தமிழில் எழுதுங்கள், எந்த மாதத்தில் புழங்குகிறது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். 2023-ல் தமிழ்நாட்டுக் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களுக்குக் கருத்துக் கேட்பு நடந்தபோது பல ஊர்களின் பெரிய புகாரே இதுதான்: மீனவக் குடியிருப்புகளும் அவர்கள் பொதுவாகப் புழங்கும் இடங்களும் வரைபடத்தில் இல்லை. வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு அப்புறம் எந்த அலுவலகத்திலும் பாதுகாப்புக் கேட்க முடியாது.

பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், முடிந்தால் ஒரு பெண் சக ஊழியரை அனுப்புங்கள். ஊர்த்தலைவர் சொன்னது ஊர் சொன்னதாகிவிடாது, அவர் விசைப்படகு முதலாளியாக இருந்தால் நடந்து போய் மீன் விற்கிற பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வலைக்குள் கை விட்டு நண்டு கழற்றும் பெண்ணிடம் பேசவேண்டுமென்றால் அவர் பக்கத்தில் மணலில் உட்காருங்கள், கூட்டத்துக்கு வாங்க என்று கூப்பிட்டால் வேலையை விட்டுவிட்டு வர முடியாது.

கடைசியாக, திரும்பிப் போங்கள். முதல் வரைவைப் போட்டதும் அதே ஊருக்குப் போய், நீங்கள் சொன்னதில் எதைச் சேர்த்திருக்கிறோம், எதைச் சேர்க்கவில்லை, ஏன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். மறுக்கப்பட்ட கோரிக்கைக்குக் காரணம் சொன்னால் மக்கள் கோபப்படுவார்கள், பேசுவார்கள், அந்தப் பேச்சில்தான் நல்ல மாற்று வழி பிறக்கும். இந்த இரண்டாவது வருகைக்குப் பணம் ஒதுக்கவில்லை என்றால் உங்கள் அறிக்கையில் "கலந்தாய்வு முடிந்தது" என்று எழுதாதீர்கள்.

கேள்வி: கிராமசபைத் தீர்மானத்துக்குப் பலம் உண்டா? எங்கள் பக்கம் அரிட்டாபட்டியில் நடந்தது கடற்கரை ஊர்களுக்கும் பொருந்துமா?
— வாசகர், மேலூர்

பதில்: சட்டப்படி பார்த்தால், நம் மாதிரி சமவெளி ஊர்களில் கிராமசபைத் தீர்மானம் மட்டுமே ஒரு திட்டத்தைத் தடுத்துவிடாது. 2013-ல் ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் வரலாமா என்பதைக் கிராமசபைகளே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதற்குப் பின்னால் வன உரிமைச் சட்டம் இருந்தது. அரிட்டாபட்டிக்கு அந்தக் கவசம் இல்லை. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த பிறகுதான் ஊர்க்காரர்களுக்கே விஷயம் தெரிந்தது. கிராமசபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஜனங்கள் நடந்தே வந்தார்கள், ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. உங்கள் பக்கத்து மக்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

அதில் கடற்கரை ஊர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 2022-லேயே அரிட்டாபட்டி பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த மலையில் என்ன இருக்கிறது என்பது சண்டை வருவதற்கு முன்பே அரசு ஆவணத்தில் ஏறியிருந்தது. கடற்கரை ஊராட்சிகளும் எந்தத் திட்டமும் வராத சாதாரண நாளில், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருகிற ஆறு கிராமசபைகளில் ஒன்றில், தங்கள் பொது இடங்களின் பட்டியலைத் தீர்மானமாகப் பதிவு செய்துவிட வேண்டும். ராமேஸ்வரம் நகராட்சி, மண்டபம் பேரூராட்சி, இங்கெல்லாம் கிராமசபை கிடையாது, அதற்குப் பதிலாக வார்டுக்குள் மக்கள் கூடுகிற ஏரியா சபையில்தான் கேட்க வேண்டும். மதுரை மாநகராட்சி வாசகர்களுக்கும் இது பொருந்தும், உங்கள் வார்டில் ஏரியா சபை கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரைக் கேளுங்கள்.

கேள்வி: என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது கடலோர ஊரில். கரைக்குப் பக்கத்து வீடுகளை எடுத்துவிட்டு, உள்ளே தள்ளிக் கான்கிரீட் வீடு தருகிறார்களாம், பழைய இடத்தை எழுதிக்கொடுக்க வேண்டுமாம். வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா?
— வாசகர், பரமக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். இது நமக்குப் புதுசில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழக அரசு 2005 மார்ச்சில் போட்ட ஆணையில், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிறவர்கள் தள்ளிப் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் வீடு, பழைய வீட்டிலேயே இருந்து பழுதுபார்த்தால் அரசு உதவி இல்லை என்று இருந்தது. பெயருக்கு அது விருப்பம்தான், ஆனால் வீட்டை இழந்து நிற்கிறவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சென்னையில் கரையோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்குப் போய், வீடு கிடைத்தும் கடல் எட்டாமல் பிழைப்பைத் தொலைத்து அல்லாடின. நம் பக்கத்தில், 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்ட தனுஷ்கோடியில் இன்றும் மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. கடல் பக்கத்தில் இருந்தால்தான் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வள்ளம் இறக்க முடியும் என்பது அவர்கள் வாழ்க்கை.

அதே சமயம் கடல் ஏறிக்கொண்டே வருகிற இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரு என்று நான் சொல்ல மாட்டேன். அக்கா வீட்டுச் சுவர்வரை ஓதம் வருகிறதென்றால் தள்ளிப் போவதுதான் சரி, எந்த நிபந்தனையில் போகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். புது வீட்டுக்குப் பட்டா யார் பெயரில், அக்கா பெயரும் அதில் இருக்குமா? புது இடத்திலிருந்து கரைக்கு நடக்கிற தூரம் எவ்வளவு, அந்தப் பாதை வலையைச் சுமந்துகொண்டு போகிற அளவுக்கு அகலமா? வலையும் இன்ஜினும் வைக்கக் கரையில் ஊருக்கு ஒரு கொட்டகை உண்டா? எழுதிக்கொடுக்கிற பழைய இடம் மீனவர்களின் பொதுப் பயன்பாட்டுக்கு மட்டும்தான், தனியாருக்கோ ஹோட்டலுக்கோ குத்தகைக்கு விடமாட்டோம் என்று ஆவணத்தில் ஒரு வரி வருமா? பல ஊர்களில் சண்டை வெடித்தது இந்தக் கடைசிக் கேள்வியில்தான், வீடுகளைக் காலி செய்த இடத்தில் வேறொருவர் வேலி போட்டதைப் பார்க்கிற வயிற்றெரிச்சல் சாதாரணமானது இல்லை.

உங்கள் மச்சான் தனியாகப் போய்க் கேட்க வேண்டாம். தெருவில் இருக்கிற அத்தனை வீட்டுக்காரரும் ஒரே மனுவில் இவற்றைக் கேட்கட்டும், பதில் எழுத்தில் வரும் வரை ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டாம். மனுவின் நகலை எனக்கும் அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் போடுகிறேன், மற்ற ஊர்க்காரர்களுக்கு மாதிரியாக இருக்கும்.